உரப்பும் உச்சமும்: ஒலிப்பதிவுகளைச் சமன்செய்த வரலாறு

வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு கலையகங்களிற் பதிவுசெய்யப்பெற்ற பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்போர் அனைவரும் அறிந்த இடர்ப்பாடு ஒன்றுண்டு. ஒரு பாடல் காதுக்கு எட்டாத அளவில் மெலிந்து ஒலிக்கும். அதனைக் கேட்கும்பொருட்டு ஒலியைக் கூட்டிவைத்தால் அடுத்த பாடல் செவிப்பறையைத் தாக்கும். இன்று கணினியில் ஒரு மென்பொருளைத் திறந்து, நூறு பாடல்களைத் தெரிந்து, ஒரு கட்டளையைக் கொடுத்தால் அவை அனைத்தும் சில நிமிடங்களுள் ஏறக்குறைய ஒரே உரப்பினவாகிவிடுகின்றன. இத்துணை எளிதாகத் தோன்றும் இச்செயல் வழக்குக்கு வருவதற்கு ஏன் அவ்வளவு காலஞ் சென்றது என்பது வரலாற்று மாணவனுக்குரிய வினாவாகும். மனிதச்செவி உரப்பை எவ்வாறு உணர்கின்றது என்பது 1933 ஆம் ஆண்டிலேயே எண்களாற் கூறப்பட்டுவிட்டது. அவ்வகை அறிவைக்கொண்டு ஒலிபரப்பையும் இசையையும் அளப்பதற்குரிய சர்வதேச நியமமோ 2006 ஆம் ஆண்டிலேதான் தோன்றியது. இடைப்பட்ட 73 ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். ஒலியலையின் வீச்சம் ஒரு கணத்தில் எட்டும் மிகப்பெரிய பெறுமானத்தை உச்சம் என்கிறோம். ஒரு குறித்த நேரத்தில் அவ்வலையின் சராசரி வலிமையை வர்க்க இடைமூலம் என்னும் கணிப்பினாற் பெறலாம். இவ்விரண்டும் பௌதிகக் கணியங்கள். எவருமில்லாத அறையிலும் கருவியால் அளக்கத்தக்கவை. உரப்பு அத்தகையதன்று. அது செவியும் மூளையும் சேர்ந்து உண்டாக்கும் உணர்வு. மேள அடிகள் இடையிட்டு வரும் ஒரு பதிவையும், ஆர்மோனியம் இடையறாது ஒலிக்கும் மற்றொரு பதிவையும் எடுத்துக்கொள்வோம். இரண்டின் உச்சமும் சமமாயிருக்கலாம். ஆயினும் முன்னையதன் சராசரி அவ்வுச்சத்துக்கு 20 டெசிபெல் கீழும், பின்னையதன் சராசரி 5 டெசிபெல் கீழும் இருக்குமாயின், கேட்பவனுக்குப் பின்னையது முன்னையதிலும் இருமடங்குக்கு மேலாக உரத்து ஒலிக்கும். உச்சத்தைச் சமன்செய்தல் உரப்பைச் சமன்செய்தல் ஆகாது என்னும் இவ்வுண்மையே இவ்வரலாறு முழுவதிலும் ஊடாடி நிற்பது.

டெசிபெல் என்னும் அலகு இசையிலிருந்து பிறந்ததன்று. தொலைபேசிக் கம்பியிலிருந்து பிறந்தது. நெடுந்தூரக் கம்பிகளிற் பேச்சொலி எவ்வளவு நலிவடைகின்றது என்பதை அறிய விரும்பிய அமெரிக்கப் பெல் நிறுவனத்தார், முன்னர் ஒரு மைல் நீளமான நியம வடத்தையே அளவாகக் கொண்டிருந்தனர். 1924 இல் அதற்குப் பதிலாக மடக்கையை அடிப்படையாகக் கொண்ட ஓர் அலகை வகுத்தனர். 1928 இல் அவ்வலகுக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் நினைவாக டெசிபெல் எனப் பெயரிடப்பட்டது. தூண்டலின் மடக்கைக்கு ஏற்ப உணர்வு வளர்கின்றது என ஜெர்மானிய அறிஞர் பெக்னர் 1860 இல் வெளியிட்ட கொள்கையோடு இவ்வலகு ஒருவாறு இயைந்து நின்றமை நற்பேறு எனலாம். எனினும் கம்பியின் நலிவை அளக்க வந்த அலகு, கேட்பவனது உணர்வை அளக்கும் அலகு ஆகிவிடவில்லை.

அவ்வுணர்வை அளக்க முற்பட்டோர் அதே நிறுவனத்தின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹார்வி பிளெச்சரும் வைல்டன் மன்சனும் ஆவர். 1933 இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இத்துறையின் அடித்தளமாகும். காதிற் பொருத்திய கேட்பிகள் வாயிலாகக் கேட்போருக்கு 1,000 மீடிறனுடைய தூய தொனி ஒன்றும், வேறு மீடிறனுடைய தொனி ஒன்றும் மாறிமாறி ஒலிப்பிக்கப்பட்டன. இரண்டும் சமமாக உரப்பனவாய்த் தோன்றும் நிலை குறிக்கப்பட்டது. பெறப்பட்ட வளைகோடுகள் மூன்று உண்மைகளைப் புலப்படுத்தின. செவியானது 3,000 முதல் 4,000 வரையான மீடிறன்களில் மிகக் கூரியது. தாழ்ந்த சுருதிகளில் அது மந்தமானது. ஒலி முழுவதும் மெலியும்போது அம்மந்தம் மேலும் மிகுகின்றது. இரவில் வானொலியை மெல்ல ஒலிக்கவிடும்போது மிருதங்கத்தின் தொப்பி ஒலி மறைந்து வலந்தலை மட்டும் கேட்பதற்குக் காரணம் இதுவே. 1936 இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து உளவியலாளர் ஸ்ரீவன்ஸ் உரப்புக்கெனச் சோன் என்னும் அலகை முன்வைத்தார். ஏறத்தாழ 10 டெசிபெல் உயர்வு இருமடங்கு உரப்பாக உணரப்படுகின்றது என்னும் கணக்கு அவர் ஆய்வுவழி நிலைபெற்றது. பிரித்தானியத் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் ரொபின்சனும் டட்சனும் 1956 இல் அவ்வளைகோடுகளைத் திருத்தினர். 2003 இல் அவை சர்வதேச நியமத்தில் மீண்டும் திருத்தப்பட்டன.

இங்கே ஒரு விந்தையைச் சுட்டாமல் அப்பாற் செல்லல் இயலாது. பிளெச்சர், மன்சன் வளைகோடுகளுள் ஒன்றைத் தழுவி 1936 இலேயே அமெரிக்காவில் இரைச்சலளக்கும் மானிகளுக்கு நியமம் வகுக்கப்பட்டது. தொழிற்சாலை இரைச்சலும் வீதி இரைச்சலும் செவியின் இயல்புக்கு ஏற்ப அளக்கப்படலாயின. 1975 இல் ஸ்ரீவன்சினதும் சுவிக்கரினதும் உரப்புக் கணிப்பு முறைகள் சர்வதேச நியமமாயின. இரைச்சலுக்குக் கிடைத்த இச்சிறப்பு இசைக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. இரைச்சலை அளந்தோர் கேட்பவனைக் காக்க எண்ணினர். ஒலிபரப்பையும் ஒலிப்பதிவையும் அளந்தோர் கருவியைக் காக்க எண்ணினர்.

இதனை நிறுவுதற்கு வானொலி நிலையங்களில் வழங்கிய இரு மானிகளை நோக்கினாற் போதும். பெல் ஆய்வுகூடத்தாரும், சீ.பீ.எஸ்., என்.பீ.சீ. ஆகிய ஒலிபரப்பு நிறுவனத்தாரும் கூடி 1939 இல் ஏற்றுக்கொண்டது வீ.யூ. மானி. அதன் முள் ஒலியின் சராசரியைப் பின்பற்றி, ஏறத்தாழ 300 மில்லிசெக்கனில் தன் நிலையை அடையும். அதே தசாப்தத்திற் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தார் வகுத்த உச்ச மானி இதற்கு நேர்மாறானது. அதன் முள் விரைந்தெழுந்து மெல்ல இறங்கும். ஒன்று முதல் ஏழு வரையான எண்களே அதன் முகப்பில் உண்டு. அஞ்சல்நிலையத்தின் பரப்பி மிகைச்சுமை அடைந்து ஒலி சிதையாமற் காத்தலே அதன் பணி. இவ்விரண்டினுள் அமெரிக்க மானி செவியின் போக்குக்குச் சற்று அண்மையது எனலாம். ஆனால் அதுவும் மீடிறன்களுக்கிடையே வேறுபாடு காட்டுவதில்லை. ஒரு நிமிடத்துக்கு முன்னர் ஒலித்ததை நினைவில் வைத்திருப்பதுமில்லை. இக்குறையை அக்காலத்தில் நிறைவுசெய்தது மனிதனே. கட்டுப்பாட்டு அறையில் அமர்ந்திருந்த ஒலிப்பொறியியலாளர் முள்ளைக் கண்ணால் நோக்கியவாறே தமது காதை நம்பிக் குமிழைத் திருகினார். கருவி இலகுவாகி அவ்விருக்கை வெறுமையான பின்னரே இடர்ப்பாடு முற்றியது.

இசைத்தட்டின் கதை வேறு. தட்டில் வெட்டப்படும் தவாளிப்பின் அசைவே ஒலியாதலின், உரத்த ஒலிக்கு அகன்ற தவாளிப்பு வேண்டும். தாழ்ந்த சுருதிக்கு இன்னும் அகன்றது வேண்டும். உரப்பைக் கூட்டினால் தட்டு இசைக்கும் நேரம் குறையும். மிகக் கூட்டினால் ஊசி துள்ளி அடுத்த சுற்றில் வீழும். இவ்வாறு பொருளின் இயல்பே பேராசைக்கு அணையிட்டது. எனினும் அவ்வணைக்குள்ளேயே போட்டி நிகழ்ந்தது. அமெரிக்க உணவுச்சாலைகளில் நாணயமிட்டுப் பாடல் கேட்கும் பெட்டிகள் இருந்தன. பெட்டியின் ஒலியளவைக் கடைக்காரர் ஒருமுறை வைத்துவிட்டால் எல்லாத் தட்டுகளும் அதே அளவிலேயே ஒலிக்கும். அங்கே மெலிந்த தட்டு உரையாடலுள் அமிழ்ந்துபோகும். உரத்த தட்டு கவனத்தை ஈர்க்கும். எனவே 1949 இல் வெளிவரத் தொடங்கிய 45 சுழற்சிச் சிறுதட்டுகளை இயன்ற அளவு உரப்பாக வெட்டுமாறு தயாரிப்பாளர்கள் பொறியியலாளரை நெருக்கினர். திருவிழாக் காலத்தில் அயலயலாய் ஒலிபெருக்கி கட்டிய இரு தரப்பாரின் மனநிலையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

தொலைக்காட்சி விளம்பரங்கள் இதே வழியைப் பின்பற்றின. ஒலிச்சுருக்கி என்னும் கருவி பலத்த ஒலிகளைத் தணித்து மெலிந்த ஒலிகளை உயர்த்துவது. இதனாற் சராசரி, உச்சத்தை நெருங்குகின்றது. நாடகத்தின் உச்சமும் விளம்பரத்தின் உச்சமும் மானியிற் சமமாகவே தோன்றும். இல்லத்தில் இருப்பவர் மட்டும் எழுந்து ஒலியைக் குறைப்பார். அமெரிக்க மத்திய தொடர்பாடல் ஆணைக்குழு 1965 இல் இதுபற்றிக் கொள்கை அறிக்கையொன்றை வெளியிட்டது. மறுவருடம் சீ.பீ.எஸ். ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பௌவரும் ரொறிக்கும் ஒலிபரப்பின் உரப்பை அளப்பது பற்றிய தம் ஆய்வை வெளியிட்டனர். வேண்டிய அறிவு இருந்தது. அதனை எல்லோர்மீதும் கட்டாயமாக்கும் வல்லமை எவருக்கும் இருக்கவில்லை.

1982 இல் இறுவட்டு சந்தைக்கு வந்தது. இசை ஆர்வலர் அதனை விடுதலையாக வரவேற்றனர். 16 இரும இலக்கங்களால் 65,536 படிநிலைகளைக் குறிக்க முடிந்தமையால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்குமிடையே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி கிடைத்தது. இசைத்தட்டு கனவிலும் காணாத விரிவு இது. தவாளிப்பின் தடையும் ஊசியின் அச்சமும் நீங்கின. ஆனால் இலக்கமுறைப் பதிவுக்கு ஒரு கூரை உண்டு. அளவுகோலின் பூச்சியப் புள்ளிக்கு மேல் எண்ணே கிடையாது. தொடக்ககால இறுவட்டுகளின் ஒலி அக்கூரைக்குக் கீழே தாராளமான இடைவெளி விட்டு நின்றது. பின்னர், அவ்விடைவெளி வீணாகக் கிடக்கின்றதே எனப் பலரும் எண்ணத் தலைப்பட்டனர். 1994 இல் வேவ்ஸ் நிறுவனம் வெளியிட்ட எல் 1 போன்ற இலக்கமுறைக் கட்டுப்படுத்திகள் அவ்வெண்ணத்துக்குத் துணையாயின. வரவிருக்கும் உச்சத்தைச் சில மில்லிசெக்கன்களுக்கு முன்னரே நோக்கி, அதனை மட்டும் மழித்து, எஞ்சியதைக் கூரைவரை உயர்த்தும் திறன் அவற்றுக்கு இருந்தது.

பின்னர் நிகழ்ந்ததை ஆங்கில இசையுலகத்தார் உரப்புப் போர் என்று அழைத்தனர். 1995 இல் வெளிவந்த ஓயாசிஸ் குழுவினரின் இரண்டாவது தொகுப்பும், 1999 இல் வெளிவந்த ரெட் ஹொட் சில்லி பெப்பர்ஸ் குழுவினரின் கலிபோர்னிகேசன் தொகுப்பும் அப்போரின் மைல்கற்களாக எடுத்துக்காட்டப்படுவன. ஒருவர் தமது தட்டை 2 டெசிபெல் உயர்த்தினால் மற்றவர் 3 உயர்த்துவார். மெலிந்த தட்டு தரங்குறைந்த தட்டு எனக் கேட்பவன் எண்ணிவிடுவான் என்னும் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் ஆதாரமற்றதன்று, ஒரே பாடலை இரு வேறு அளவுகளில் ஒலிப்பித்தால், சற்று உரத்து ஒலிப்பதையே பெரும்பாலோர் சிறந்தது என்பர். இவ்விடத்தில் தனிமனிதர்களைக் குறைகூறுதல் எளிது; ஆனால் எல்லோரும் அறிந்தே அகப்பட்ட பொறி அது.

அப்போர் 2008 செப்டெம்பரில் வெளிவந்த மெட்டாலிக்கா குழுவினரின் டெத் மக்னெட்டிக் தொகுப்போடு உச்சநிலையை அடைந்தது. அதே பாடல்கள் கிற்றார் ஹீரோ என்னும் கணினி விளையாட்டுக்காகவும் வழங்கப்பட்டிருந்தன. விளையாட்டில் ஒலித்த வடிவம் அத்துணை நசுக்கப்படாமல் இருந்தது. இரசிகர்கள் இரண்டின் அலைவடிவங்களையும் கணினித் திரையில் அருகருகே வைத்து நோக்கினர். விளையாட்டு வடிவத்தில் மேள அடிகள் தனித்தனி முனைகளாய் எழுந்து நின்றன; இறுவட்டில் அவை யாவும் ஒரே மட்டத்தில் வெட்டிய வேலிபோற் காட்சியளித்தன. காதிற்கும் அவ்வாறே: அடி விழும் கணத்தின் வலு மறைந்து கரகரப்பே எஞ்சியது. மீளக் கலந்து வெளியிடுமாறு ஆயிரக்கணக்கானோர் மனுவிற் கையொப்பமிட்டனர். தம்மிடம் வந்துசேர்வதற்கு முன்னரே ஒலி நசுக்கப்பட்டிருந்தது என, இறுதிச் செப்பம் செய்த பொறியியலாளரே குறிப்பிட்டமை கவனிக்கத்தக்கது. மழிக்கப்பட்ட உச்சத்தைப் பின்னர் ஒலியைக் குறைப்பதனால் மீட்க முடியாது. மூலநாடா கிடைத்து மீளச் செப்பஞ்செய்தாலன்றி, அக்காலத்துப் பல பதிவுகள் அவ்வாறே வருங்காலத்துக்குச் செல்லும். ஒரு சந்தைப் போட்டி ஒரு தலைமுறையின் கலைப்பதிவிலே விட்டுச்சென்ற தழும்பு என இதனைக் கூறுதல் மிகையாகாது.

தீர்வுக்கான முயற்சி பெருநிறுவனம் எதிலிருந்தும் முதலில் வரவில்லை. எம்.பீ. 3 கோப்புகள் பரவியபோது, ஒருவர் கணினியில் ஐம்பது ஆண்டுகளின் பாடல்கள் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. மென்பொருள்கள் உச்சத்தை அளந்து சமன்செய்ய முயன்று தோற்றன. அனைத்துக் கோப்புகளின் உச்சமும் ஏற்கெனவே கூரையைத் தொட்டு நின்றால் அங்கே சமன்செய்வதற்கு யாதுண்டு? 2001 ஆம் ஆண்டு யூலை மாதம் டேவிட் ரொபின்சன் என்பார் ரீப்ளே கெயின் என்னும் முறையை வெளியிட்டார். பாடலை முதலிற் செவியின் வளைகோட்டை ஒத்த வடியினூடாகச் செலுத்துதல். பின் 50 மில்லிசெக்கன் துண்டுகளாகப் பகுத்து ஒவ்வொன்றின் வர்க்க இடைமூலத்தைக் கணித்தல். அவற்றை வரிசைப்படுத்தி 95 ஆவது சதமணையிலுள்ள பெறுமானத்தைப் பாடலின் உரப்பாகக் கொள்ளல் என்பன அதன் படிகள். சராசரியை விடுத்துச் சதமணையை அவர் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. ஒரு பாடலின் உரப்பை நாம் மதிப்பிடுவது அதன் மௌனங்களைக்கொண்டன்று, உரத்த பகுதிகளைக்கொண்டே.

இம்முறையில் நான் பெரிதும் மதிப்பது வேறிரண்டு அம்சங்களை. ஒன்று, கோப்பிலுள்ள ஒலி தொடப்படுவதில்லை. எத்தனை டெசிபெல் கூட்டவோ குறைக்கவோ வேண்டும் என்னும் குறிப்பு மட்டுமே அதனோடு இணைக்கப்படும். மற்றையது, பாடலுக்கு ஓர் எண்ணும் தொகுப்பு முழுவதுக்கும் ஓர் எண்ணும் தனித்தனியே தரப்படும். ஒரு தொகுப்பில் உரத்த பாடலுக்கு அடுத்து மெல்லிய தாலாட்டு ஒன்று வைக்கப்பட்டிருந்தால், அம்மென்மை கலைஞர் கருதி வைத்தது. தொகுப்புக்குரிய எண்ணைப் பயன்படுத்தும்போது அவ்வேறுபாடு அழிவதில்லை.

2006 இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.எஸ். 1770 என்னும் பரிந்துரையை வெளியிட்டது. கனடாவைச் சேர்ந்த ஜில்பேர்ட் சூலோதர் நடத்திய கேட்டல் சோதனைகள் அதற்கு அடிப்படையாயின. உளவொலியியலின் நுண்மைகளையெல்லாம் உள்ளடக்கிய சிக்கலான மாதிரிகள் வெல்லும் எனப் பலர் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் எளிய வடியொன்றும் சத்திச் சராசரியுமே கேட்போரின் தீர்ப்போடு நன்கு பொருந்தின. அவ்வடி ஏறத்தாழ 2,000 மீடிறனுக்கு மேற்பட்டவற்றை 4 டெசிபெல் அளவில் உயர்த்துகின்றது. 100 மீடிறனுக்குக் கீழ்ப்பட்டவற்றைப் படிப்படியாகத் தணிக்கின்றது. 2010 ஓகஸ்ட்டில் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் ஆர். 128 என்னும் பரிந்துரையால், நிகழ்ச்சி ஒவ்வொன்றும் இலக்கமுறைக் கூரையிலிருந்து −23 எல்.யூ.எப்.எஸ். அளவில் நிற்றல் வேண்டும் என வகுத்தது. அத்துடன் ஒரு வாயிலும் அமைக்கப்பட்டது. 400 மில்லிசெக்கன் துண்டுகளுள் மிக மெலிந்தவை கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவ்வாறு நீக்காவிடின், விளம்பரகாரர் இருபது செக்கன் மௌனத்தையும் பத்துச் செக்கன் அலறலையும் சேர்த்துச் சராசரியை ஒப்பேற்றிவிடுவர். அதே ஆண்டு டிசெம்பர் 15 இல் அமெரிக்க சனாதிபதி ஒபாமா விளம்பர உரப்பைத் தணிக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார். 2012 டிசெம்பர் 13 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1965 இல் அறிக்கையளவில் நின்றது, 47 ஆண்டுகளின் பின் செயலாயிற்று.

இணையவழிப் பாடற் சேவைகள் இதே அளவுமுறையை மேற்கொண்டபோது போரின் பொருளாதாரமே மாறியது. ஸ்பொட்டிபை சேவை −14 ஐ இலக்காகக் கொண்டுள்ளது. −6 இல் நசுக்கி அனுப்பப்பட்ட பாடல் அங்கே 8 டெசிபெல் குறைக்கப்படும். உரப்பினாற் பெற்ற நயம் பறிபோய், நசுக்கியதாலான நட்டம் மட்டும் எஞ்சும். இதனாற் போர் முற்றாக ஓய்ந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. சமன்செய்தலை நிறுத்திவைக்கும் வசதி கேட்பவனுக்கு உண்டு. பழக்கத்தால் நசுக்கும் தயாரிப்பாளரும் உளர்.

நியமத்துக்கும் எல்லையுண்டு. ஒலியளவு மாறும்போது செவியின் வளைகோடும் மாறுகின்றது என்பதை 1933 இலேயே அறிந்திருந்தோம். புதிய வடியோ எந்நிலையிலும் ஒன்றேதான். இதனினும் ஆழ்ந்த வினா ஒன்று நமது இசையை வைத்து நோக்குமிடத்து எழுகின்றது. வீணை அறையிசைக்குரியது, நாதசுரமும் தவிலும் வெளிவீதிக்குரியவை. அவற்றிடையேயுள்ள உரப்பு வேறுபாடு பதிவின் குறையாலானதன்று. கருவிகளின் இயல்பாலும் அவை ஒலிக்கும் இடத்தாலும் ஆனது. இரண்டையும் −14 இல் நிறுத்தும்போது வீணை தவிலோடு சரிக்குச் சரி நிற்கின்றது. தொகுப்புக்குரிய எண்ணும் இங்கே உதவாது. அவை வெவ்வேறு தொகுப்புகளைச் சேர்ந்தவை. இன்றைய மென்பொருள்களிற் பல, ஒரு தொகுப்பைத் தொடர்ச்சியாகக் கேட்கும்போது தொகுப்பெண்ணையும், கலந்து கேட்கும்போது பாடலெண்ணையும் தாமே தெரிந்துகொள்கின்றன. கலந்து வைத்த வரிசையில் எது எதனிலும் மெல்ல ஒலித்தல் தகும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு இன்னமும் ஒலிக்குமிழைக் கையில் வைத்திருப்பவரிடமே உள்ளது.